பெல்ட்டை விட்ட கை

என் கால் பிரெண்டனின் காலில் பட்டுவிட்டது. நடந்தது அவ்வளவுதான்.

ஆனால் அது நடந்த இடம் ஃபிசியோதெரபி செய்முறைத் தேர்வு அறை. பிரெண்டன் என் வகுப்புத் தோழன். அன்றைக்கு அவனுக்கு நோயாளி வேஷம். பக்கவாதம் வந்து இடது காலில் பலம் போனவனாக நடிக்க வேண்டும். ஆறடிக்கு மேல் உயரம், ஃபுட்பால் ஆடி வளர்த்த உடம்பு, நியூ ஜெர்சி கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரன். கொடுத்த வேஷத்தை மிகுந்த விசுவாசத்தோடு செய்துகொண்டிருந்தான். இடது காலைத் தரையில் இழுத்து இழுத்து நடந்தான். நானே ஒரு கணம் பாவம் என்று நினைத்தேன்.

நான் அவனுக்கு இடது பக்கம், கொஞ்சம் பின்னால் நின்றேன். அவன் இடுப்பைச் சுற்றி ஒரு கித்தான் பெல்ட். அதைப் பின்பக்கம் என் வலது கை பிடித்திருந்தது. இடது கை அவன் தோளின் முன்பக்கம் இருந்தது. அவன் சக்கரம் வைத்த வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும், நான் கூடவே நடக்க வேண்டும். நோயாளி சாய்ந்தால் அந்த பெல்ட்தான் அவருக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் ஒரே பந்தம். எந்தக் காரணத்துக்காகவும் அதை விடக்கூடாது என்பதுதான் எங்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம்.

மூலையில் டாக்டர் பார்க்கர் மார்க் போடும் அட்டையோடு நின்றிருந்தார். எங்கள் பேராசிரியை. என்னைவிட வயதில் இளையவர். என் வகுப்பில் என்னைவிட மூத்தவர் யாருமே இல்லை என்பதால் இதில் தனியாக வருத்தப்பட ஒன்றுமில்லை.

திரும்புகிற இடத்தில் என் ஷூ முனை பிரெண்டனின் கணுக்காலில் இடித்தது. அடுத்து நடந்ததை நான் செய்யவில்லை, என் கை செய்தது. வலது கை பெல்ட்டை விட்டது. அவன் முழங்கையைத் தொட்டது. என் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டது. கண்ணில் ஒற்றும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருக்க முடியுமா? மூடிக்கொண்டேன்.

திறந்தபோது பிரெண்டன் சாய்ந்துகொண்டிருந்தான். டாக்டர் பார்க்கர் அட்டையை வீசிவிட்டு ஓடிவந்து அவனைத் தாங்கிக்கொண்டிருந்தார். நான் பக்தியோடு நின்றுகொண்டிருந்தேன்.

சலுகை வேண்டுமா?

மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தாலும், நோயாளியின் பாதுகாப்பில் ஒரு தவறு நடந்தால் அந்தத் தேர்வு முழுவதுமே ஃபெயில். ஒரே ஒரு முறை திரும்ப எழுதலாம். எழுதலாம் என்பது பேச்சுக்கு, திரும்ப நடத்தலாம். அதிலும் தவறினால் படிப்பை விட்டு அனுப்பிவிடுவார்கள். இதை டாக்டர் பார்க்கர் தன் அறையில் உட்காரவைத்து, காகிதக் கோப்பையில் தண்ணீர் கொடுத்து, மிக மென்மையாகச் சொன்னார். அமெரிக்காவில் கெட்ட செய்தி எப்போதும் தண்ணீரோடுதான் வரும்.

அப்புறம் தயங்கித் தயங்கி, நான் அப்போது செய்தது என்ன என்று கேட்டார். தலைசுற்றலா, கண்ணில் ஏதாவது விழுந்துவிட்டதா?

விளக்கினேன். எங்கள் ஊரில் ஒருவர் மேல் நம் கால் பட்டுவிட்டால் அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். மன்னிப்பு மாதிரி. மனிதர் என்றில்லை, புத்தகம், காகிதம், அரிசி, எது மேல் பட்டாலும்.

அவர் முகம் கனிந்தது. அது மத நம்பிக்கையா என்று கேட்டார். மத நம்பிக்கை என்றால் பல்கலைக்கழகத்தில் அதற்கென்று ஒரு அலுவலகம் இருக்கிறதாம். விண்ணப்பித்தால் தேர்வில் சலுகை தருவது பற்றிப் பரிசீலிப்பார்களாம். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

அந்த விண்ணப்பத்தை நான் மனதுக்குள் எழுதிப்பார்த்தேன். 'இந்த மாணவி தன் கலாச்சாரத்தை முன்னிட்டு நோயாளிகளை அவ்வப்போது கீழே விட அனுமதி கோருகிறார்.' வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் வலது கை, இடது கையால் செய்யக்கூடாதா என்றும் கேட்டார். இடது கையால் கும்பிடுவதா? கோப்பையில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தேன்.

மறுதேர்வுக்குக் கொஞ்ச வாரங்கள் இருந்தன.

எந்த டாக்டர்?

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஃபிசியோதெரபி தெரியாமல் இந்தப் படிப்புக்குப் போகவில்லை. திருச்சியில் அதைத்தான் படித்தேன். அங்கேயே ஒரு பெரிய மருத்துவமனையில் வேலையும் பார்த்தேன். கல்யாணமாகி, சேகரின் விசாவில் ஒட்டிக்கொண்டு நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவே என்ற ஊரில் வந்து இறங்கியபோது, என் விசா நான் வேலை பார்க்கக்கூடாது என்றது. வீட்டில் உட்கார்ந்து கண்ணில் படுகிறவர்களின் நடையை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்கறிக் கடையில் முன்னால் போகிறவருக்கு இடது இடுப்பில் கோளாறு என்று தெரியும். சொல்ல முடியாது. கத்திரிக்காயைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

வருஷங்கள் ஓடி, க்ரீன் கார்ட் என்ற அந்த அட்டை ஒரு வழியாக வந்தது. என் பட்டம் இந்த நாட்டுக்குப் போதுமா என்று எடை போட அனுப்பினேன். போதாது என்று வந்தது. எலும்பும் தசையும் எனக்குப் போதுமான அளவு தெரியுமாம். பொதுக் கல்விதான் குறைவாம். ஒருவரின் கணுக்காலைத் திருப்புவதற்கு முன் நாடகமோ ஓவியமோ ஏதாவது ஒன்று படித்திருக்க வேண்டும் போலிருக்கிறது. குறைந்ததை மட்டும் ஒட்டுப்போட்டுப் படிக்கலாம் என்று ஒரு வழி இருந்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒட்டும் வேண்டாம் தையலும் வேண்டாம், முழுசாகவே டாக்டர் பட்டம் வாங்குகிறேன் என்று கிளம்பினேன்.

ஆமாம், இங்கே ஃபிசியோதெரபிஸ்ட் ஆக டாக்டர் பட்டம் வேண்டும். கணுக்கால் அதே கணுக்கால்தான். பிடிக்கிறவருக்குத்தான் பட்டம் கூடியிருக்கிறது.

இந்தச் செய்தி எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் பரவியது. பள்ளிக்கூட உணவறையில், சாப்பாட்டு வரிசையில் நின்றபோது கமலா ஆன்ட்டி பிடித்துக்கொண்டார்.

"வசு, நீ டாக்டருக்குப் படிக்கிறியாமே, எந்த டாக்டர்?"

சொன்னேன்.

"ஓ, மசாஜா," என்றார். அவர் குரலில் பெரிய ஆறுதல் தெரிந்தது. அவர் மகன் இதய மருத்துவத்தில் இருக்கிறான்.

ஆனால் அதே வரிசையில் பின்னால் நின்ற அவர் கணவர், மசாஜ் என்ற சொல்லைக் கேட்டதும் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டார். சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் வைத்து நான் அந்த மூட்டைப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் சுருட்ட ஆரம்பித்தார்கள். எங்கள் சமூகத்தில் நான் நிஜ டாக்டர் கிடையாது, ஆனால் கன்சல்டேஷன் மட்டும் நிஜம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். இத்தனை பேரிடமும் போய் நான் ஃபெயில் ஆகி வெளியே வந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். என்ன பாடத்தில் என்று கேட்பார்கள். மரியாதையில் என்று சொல்ல வேண்டும்.

கிண்டலாக எழுதுகிறேன். அப்போது நடுங்கிப்போயிருந்தேன். தெரிந்த தொழிலைத் தொட முடியாமல் அத்தனை வருஷம் உட்கார்ந்தாயிற்று. இந்தக் கதவும் மூடினால் வேறு கதவைத் தட்ட எனக்கு வயதும் தெம்பும் இல்லை என்று எனக்கே தெரிந்திருந்தது.

தலைமையாசிரியரின் குதிகால்

இந்தக் கால் விஷயம் திருச்சியில் பிரச்சினையாக இருந்ததே இல்லை என்று நினைத்திருந்தேன். இருந்திருக்கிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து.

அங்கே என்னிடம் ஒரு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் வந்துகொண்டிருந்தார். குதிகாலில் வலி. நான் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் பாதத்தை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டால்தான் வைத்தியம் நடக்கும். பாதத்தை எடுத்த உடனே அவர் குனிந்து என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். "நீ போய் என் காலைப் புடிக்கிறியேம்மா" என்று கூச்சப்படுவார். குனிந்ததில் பாதம் நழுவிவிடும். மறுபடி எடுப்பேன். மறுபடி ஒற்றிக்கொள்வார். அவர் குதிகால் குணமாக எடுத்துக்கொண்ட காலத்தில் பாதி இந்தப் பரிமாற்றத்திலேயே போனது. ஒவ்வொரு தடவையும் நான் "பரவாயில்ல சார்" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன்.

அதுதான் முறை. ஒருவர் ஒற்றிக்கொள்வார், மற்றவர் பரவாயில்லை என்பார், விஷயம் முடிந்துவிடும். பிரெண்டனுக்கு அந்த இரண்டாவது பாதி தெரியாது. தெரிந்திருந்தாலும் விழுந்துகொண்டிருக்கும்போது சொல்லியிருக்க மாட்டான்.

புத்தகத்தின் மேல் ஏறியவர்கள்

ஃபெயில் ஆனது என்னவோ அந்த ஒரு நாள்தான். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்த நாள் முதலே என் கை துடித்துக்கொண்டுதான் இருந்தது.

படி ஏறும் பயிற்சி சொல்லிக்கொடுத்த அன்று மரப்பலகை ஒன்று குறைந்தது. எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி, உடற்கூறியல் பாடப்புத்தகத்தை எடுத்துத் தரையில் போட்டு, அதன் மேல் ஷூவோடு ஏறி இறங்கிக் காட்டினாள். உயரம் கச்சிதம் என்று எல்லோரும் பாராட்டினார்கள். தலையணை அளவு புத்தகம். உள்ளே மனித உடம்பு முழுவதும் இருக்கிறது. வரிசையாக எல்லோரும் அதன் மேல் ஏறி இறங்கினார்கள். என் முறை வந்ததும் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். ஃபிசியோதெரபி படிக்கும் வகுப்பில் முழங்கால் வலி என்று பொய் சொன்னால் என்ன ஆகும்? ஆளாளுக்கு வந்து என் முழங்காலைப் பரிசோதித்தார்கள். ஒன்றுமே கண்டுபிடிக்க முடியாமல், இது மிகவும் சிக்கலான கேஸ் என்று முடிவு செய்தார்கள்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தேன். கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் பிரெண்டன் நின்றிருந்தான். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பையன் என்று அப்போதே நினைத்தேன்.

உதைக்க ஆள் தேவை

ஒரு பழக்கத்தை விட என்ன செய்ய வேண்டும்? நாங்கள் படித்த பாடப்படி, அந்தச் சூழ்நிலையை மறுபடி மறுபடி உண்டாக்கி, அதற்கு வேறு விதமாக நடக்க உடம்பைப் பழக்க வேண்டும். அதாவது என் கால் யார் மீதாவது இடித்துக்கொண்டே இருக்க வேண்டும், நான் பெல்ட்டை விடாமல் இருக்க வேண்டும்.

சேகர் மருந்து கம்பெனியில் வேலை பார்க்கிறவர். எதற்கும் முதலில் ஒரு மாற்று மருந்து சொல்வார்.

"பெல்ட்ட லெஃப்ட் ஹேண்ட்ல புடிச்சுக்கோயேன். ரைட் ஹேண்ட் ஃப்ரீயா இருக்கும். நீ பாட்டுக்குக் கும்பிட்டுக்கலாம்."

அப்படிப் பிடித்தால் நான் நோயாளியின் பலமுள்ள பக்கம் நிற்க வேண்டியிருக்கும், அவர் பலமில்லாத பக்கம் விழுவார் என்று விளக்கினேன். ரெண்டு பக்கமும் பலமுள்ள பேஷன்ட்டா கேளு என்றார்.

பெல்ட்டை அவர் லுங்கிக்கு மேல் கட்டி, இரவல் வாங்கி வந்த வாக்கரைக் கையில் கொடுத்து, ஹாலில் நடக்கவிட்டேன். முதல் தடவை என் கால் அவர் மேல் பட்டது, என் கை போனது. இரண்டாவது தடவையும் போனது. அப்புறம் நடக்கும்போது அவர் கால் என் மேல் பட்டது. அவர் கை வாக்கரை விட்டு என் தோளுக்கு வந்து அவர் கண்ணுக்குப் போனது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒற்றிக்கொண்டு ஹால் நடுவில் நின்றோம். வாக்கர் தனியாக டிவியை நோக்கிப் போனது.

யாழினியைக் கூப்பிட்டேன். எங்கள் மகள், இங்கேயே பிறந்தவள், பதினோராம் வகுப்பு. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கோவிலுக்குக் கூப்பிட்டால் ஹோம்வொர்க் என்பாள். என்னை உதைக்க இவளைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது என்று நம்பினேன். அப்பாவை நடத்திக்கொண்டு வரும்போது நீ வந்து என் காலை இடி, அவ்வளவுதான் என்றேன். ஒரு தாய் இப்படி வாய்விட்டுக் கேட்பதை நம்ப முடியாமல் சந்தோஷமாக வந்தாள்.

இடித்தாள். உடனே குனிந்து என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுபடி இடிக்கச் சொன்னேன். மறுபடியும் அதே.

"நீ ஒத்திக்காதடி. சும்மா இடிச்சுட்டு நில்லு."

"அம்மா, ஐ கான்ட். மை ஹேண்ட் ஜஸ்ட் கோஸ்," என்றாள். தன் கையையே விநோதமாகப் பார்த்துக்கொண்டாள்.

எனக்குப் பெருமைப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாக அவளைத் தமிழில் பேசவைக்கப் படாதபாடு பட்டு ஒன்றும் நடக்கவில்லை. இது மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. மொத்தத்தில், எங்கள் வீட்டில் ஒருவரை நிம்மதியாக உதைக்கக்கூடியவர் ஒருவர்கூட இல்லை.

வெளியே ஆள் பார்க்க வேண்டியிருந்தது. கூச்சத்தை விட்டு பிரெண்டனிடம் கேட்டேன். வார இறுதியில் எங்கள் வீட்டுக்கு வந்து, நோயாளியாக நடந்து, என் காலை இடிக்க வேண்டும் என்றேன். சாப்பாடு போடுவாயா என்று கேட்டான்.

ஓர் எளிய ஒப்பந்தம்

சனிக்கிழமைகளில் வந்தான். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, பெல்ட்டைத் தானே கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிடுவான். நான் அவனை இடிப்பேன். அவன் என்னை இடிப்பான். யாழினி சோபாவில் உட்கார்ந்து, என் கை பெல்ட்டை விட்டு அசைந்தால் சத்தம் கொடுப்பாள். ஆரம்பத்தில் வீடு முழுக்க அந்தச் சத்தம்தான் கேட்டது.

பிரெண்டனுக்குப் பொறுமை அதிகம். அவன் அப்பா ஒரு விபத்தில் முதுகு போய், நடக்க மறுபடி கற்றுக்கொண்டவர் என்று ஒரு நாள் தோசைக்கு நடுவில் சொன்னான். அவரைப் பிடித்துக்கொண்டு நடத்திய தெரபிஸ்ட்டைப் பார்த்துத்தான் இந்தப் படிப்புக்கு வந்தானாம். நான் தேர்வில் பெல்ட்டை விட்டபோது அவனுக்கு நிஜமாகவே பயமாக இருந்ததாம். நடிப்பு அங்கேயே நின்றுவிட்டது என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் அதற்கப்புறம் தோசை இறங்கவில்லை. அதுவரை நான் என் ஃபெயிலைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மெல்ல மெல்ல என் கை அடங்கியது. கால் பட்டதும் தோள்வரை ஒரு துடிப்பு ஓடும், விரல்கள் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். பெல்ட் நகராது. கடைசி சனிக்கிழமை யாழினி சத்தமே கொடுக்கவில்லை. நான் குணமாகிவிட்டேன். அமெரிக்க மருத்துவத்தின் இன்னொரு வெற்றி.

ஒன்றை மட்டும் நான் கவனித்தும் பொருட்படுத்தாமல் விட்டேன். எங்கள் சாப்பாட்டு மேசை சின்னது. கீழே கால்கள் இடித்துக்கொண்டே இருக்கும். இடித்ததும் நாங்கள் பேசிக்கொண்டே, மென்றுகொண்டே, ஒற்றிக்கொள்வோம். யாராவது பரவாயில்லை என்போம். பிரெண்டன் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு நாள் தரையில் கிடந்த யாழினியின் இயற்பியல் புத்தகத்தில் அவன் கால் பட்டது. சட்டென்று குனிந்து, தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல் சட்னியைக் கேட்டான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். சேகர் அவனுக்கு இன்னொரு தோசை வைத்தார்.

மறுதேர்வு

அதே அறை. அதே வாக்கர். டாக்டர் பார்க்கர் இந்தத் தடவை மூலையில் நிற்கவில்லை, எங்களுக்குப் பக்கத்திலேயே நின்றார். என் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை அந்தத் தூரத்தில் தெரிந்தது. நோயாளி பிரெண்டனேதான். வேறு யாரும் என்னிடம் நோயாளியாக இருக்க முன்வரவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

சக்கர நாற்காலிக்கு பிரேக் போட்டேன். பெல்ட்டைக் கட்டினேன். எழுப்பினேன். நடந்தோம். ஒவ்வொரு அடிக்கும் அவனிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். திரும்புகிற இடம் வந்தது. என் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அவன் மேல் படவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

பட்டது அவன் கால். பலமில்லாத இடது காலை அவன் இழுத்து வைத்தபோது அது என் பாதத்தின் மேல் வந்து விழுந்தது.

பிரெண்டனின் வலது கை வாக்கரை விட்டது. குறுக்கே வந்து என் தோளைத் தொட்டது. அவன் கண்ணுக்குப் போனது. கண்ணை மூடிக்கொண்டான்.

ஒரு பக்கம் கை போன வாக்கர் கோணிக்கொண்டு விலகியது. ஆறடி உடம்பு என் பக்கம் சரிந்தது. இந்தத் தடவை அது நடிப்பு இல்லை என்று எனக்குக் கைப்பிடியிலேயே தெரிந்தது. டாக்டர் பார்க்கர் ஓரடி முன்னால் வந்தார்.

என் வலது கை பெல்ட்டை விடவில்லை. என் முழங்காலால் அவன் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்தேன். அவன் எடையை என் இடுப்பில் வாங்கி, மார்பில் கை கொடுத்து நிமிர்த்தினேன். "புடிச்சுட்டேன், புடிச்சுட்டேன், விழமாட்ட" என்று சொன்னேன். அதைத் தமிழில் சொன்னேன் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அவன் கண்ணைத் திறந்தான். வாக்கரைப் பிடித்தான். நின்றான்.

டாக்டர் பார்க்கர் அப்படியே நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நீ ஏன் கையை எடுத்தாய் என்று அவனிடம் கேட்டார்.

என் கால் அவள் மேல் பட்டுவிட்டது என்றான் பிரெண்டன். அதற்கு மேல் விளக்கம் தேவை என்று அவனுக்குத் தோன்றவில்லை.

இது தொற்றக்கூடியதா என்று டாக்டர் பார்க்கர் கேட்டார். சிரிக்காமல் கேட்டார். பிறகு அட்டையில் எதையோ வேகமாகக் குறித்தார். நிஜமாகவே விழப்போன ஒருவரைப் பிடிக்கத் தெரிகிறதா என்று எந்தத் தேர்விலும் தன்னால் சோதிக்க முடிந்ததில்லை, இன்று முடிந்தது, பாஸ் என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாஸ் ஆனதற்காக என்று டாக்டர் பார்க்கர் நினைத்துக்கொண்டிருப்பார். அதற்காகவும்தான். ஆனால் இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில், என் மேல் கால் பட்டதற்காக என் வீட்டுக்கு வெளியே ஒருவர் கூட இப்படிச் செய்ததில்லை. ரயிலில், கடையில், மாடிப்படியில் எத்தனையோ பேர் மிதித்திருக்கிறார்கள். ஸாரி என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார்கள். அதில் எனக்கு ஏதோ குறைகிறது என்பதே அந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது.

இப்போது என் பேட்ஜில் டாக்டர் என்று போட்டிருக்கிறது. கமலா ஆன்ட்டி அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இருந்தாலும்" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவருக்கு இப்போது தோள்பட்டையில் வலி. செவ்வாய்க்கிழமைகளில் என்னிடம்தான் வருகிறார். அது வேறு கதை.

அன்றைக்குத் தேர்வு இன்னும் முடிந்திருக்கவில்லை. பாஸ் என்று சொன்ன பிறகும் நோயாளி நடு அறையில் நின்றுகொண்டுதானே இருந்தான்? திருப்பி நடத்திக்கொண்டு போனேன். நாற்காலி முழங்காலுக்குப் பின்னால் தட்டும்வரை பின்னுக்கு வரவைத்தேன். மெதுவாக உட்காரவைத்தேன். இரண்டு பக்கமும் பிரேக் பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.

அதற்கப்புறம்தான் பெல்ட்டை விட்டேன்.

"பரவாயில்லடா," என்றேன்.